தனுஷ்கோடி: 115 பேரும் மற்றவர்களும்

இலஞ்சியில் பிறந்தவனுக்குக் காற்றைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனி பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்குகிற காற்று ஆவணி வரைக்கும் எங்கள் ஊர்க் கூரைகளின் மேல்தான் படுத்துக் கிடக்கும். ஓடு பறக்கும், வாழை சாயும், நீட்டிக் காயப்போட்ட வேட்டி அடுத்த தெருவில் கிடக்கும். அதற்குப் பெயர் சாரல் காற்று. குற்றாலத்துக்கு ஆள் கூட்டிவருகிற காற்று. இப்போது சுரண்டைப் பக்கம் அதே காற்றில் மின்சாரம் எடுக்கிறார்கள். எங்கள் ஆச்சி மட்டும் அதைக் காற்று என்றே ஒத்துக்கொள்ள மாட்டாள். “இதெல்லாம் ஒரு காத்தா? விசிறி கணக்கா வீசிட்டுப் போவுது. காத்துன்னா அறுவத்து நாலுல அடிச்சுதே, அதாம்லே காத்து” என்பாள். ராமேஸ்வரம் தீவை அவள் கண்ணால் பார்த்ததில்லை. கடலையே இரண்டு முறைதான் பார்த்திருக்கிறாள், இரண்டு முறையும் திருச்செந்தூரில்.

அவளுடைய அண்ணன் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பெரிய தாத்தா. 1964 டிசம்பரில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அனுமதிக் காலம் முடிகிறது, இனி நீட்டிக்கமாட்டார்கள் போலிருக்கிறது, இந்த வாரக் கப்பலில் வந்துவிடுகிறேன், தனுஷ்கோடியில் தெரிந்த ஆள் வீட்டில் ரெண்டு நாள் தங்கி சேதுவில் முழுக்குப் போட்டுவிட்டு ஊருக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரும் வரவில்லை, வேறு கடிதமும் வரவில்லை. மார்கழி, பௌர்ணமி கழிந்த நாலாம் நாள் என்று கணக்குப் பண்ணி ஆச்சி வருசாவருசம் சிற்றாற்றங்கரையில் திதி கொடுக்கச் செய்தாள். அரசாங்கத்திடமிருந்து ஒரு துண்டுத்தாள்கூட வரவில்லை. எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. பட்டியல் என்று ஒன்று இருந்ததா என்பதே பிற்பாடுதான் எனக்குக் கேள்வியாயிற்று.

இந்தக் கட்டுரை அவரைத் தேடுகிற முயற்சி அல்ல. ஒரு சிறிய ஊர் ஒரே இரவில் அழிந்ததைப் பற்றி நாம் இத்தனை வருஷமாகச் சொல்லிவருகிற கதைகள் எதைச் சொல்கின்றன, எதை விட்டுவிடுகின்றன என்று பார்ப்பதுதான் நோக்கம்.

முதலில் தெரிந்ததைச் சொல்லிவிடலாம். 1964 டிசம்பர் 17 அன்று தெற்கு அந்தமான் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகிறது. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் புயல் பிறப்பது அபூர்வம். 19ஆம் தேதி அது கடும் புயலாகிறது. பிறகு கிட்டத்தட்ட நேர்கோடு போட்டாற்போல மேற்கே நகர்கிறது. 22ஆம் தேதி இலங்கையில் வவுனியா பக்கம் கடந்து, அன்றிரவு பாக் நீரிணைக்கு வந்து தனுஷ்கோடியை அடிக்கிறது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் வரை, அலையின் உயரம் 7 மீட்டர் வரை என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் புயலுக்குப் பெயர் கிடையாது. வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்குப் பெயர் வைக்கிற வழக்கம் 2004இல்தான் வந்தது. ஆகவே அடிபட்ட ஊரின் பெயரே புயலுக்குப் பெயராகிவிட்டது: ராமேஸ்வரம் புயல், தனுஷ்கோடிப் புயல். யாழ்ப்பாணத்தில் இதையே ‘64ஆம் ஆண்டுப் புயல்’ என்பார்கள். மன்னார் கரையிலும் யாழ்ப்பாணக் கரையிலும் இதே இரவில் செத்த மீனவர்களைப் பற்றி நம் பக்கத்து எழுத்தில் ஒரு வரி இருக்காது. புயல் எல்லைக்கோட்டைக் கடந்து வந்தது, துக்கம் மட்டும் கடக்கவில்லை.

தனுஷ்கோடி என்பது நிலமே அல்ல என்றுகூடச் சொல்லலாம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் ஒரு மணல் நாக்கு. புயல் வடகோளத்தில் இடஞ்சுழியாகச் சுற்றும். மையம் வந்து சேருவதற்கு முன்பு காற்று வடக்கிலிருந்து அடித்து ஆழமில்லாத பாக் விரிகுடாத் தண்ணீரை மணல்மேல் ஏற்றும். மையம் தாண்டிப்போன பிறகு தெற்கிலிருந்து திரும்பி அடிக்கும். இரண்டு கடலும் முறைவைத்து ஒரு ஊர்மேல் ஏறின. பௌர்ணமி போய் நாலு நாள்கூட ஆகவில்லை, கடலேற்றமும் முழுசாக அடங்கியிராது.

இங்கே சொல் பற்றி ஒன்று. நம் பத்திரிகைகள் புயலுக்கும் ‘சூறாவளி’ என்று எழுதும், டொர்னாடோவுக்கும் அதையே எழுதும். இரண்டும் வேறு. டொர்னாடோ சில நூறு மீட்டர் அகலத்தில், சில நிமிஷங்களில் ஊரைக் கிழித்துவிட்டு மறைந்துவிடும். உலகத்திலேயே அதிகம் பேரைக் கொன்ற டொர்னாடோ அமெரிக்காவில் அடித்ததல்ல. 1989 ஏப்ரல் 26இல் வங்காளதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் சாத்துரியா என்ற சிற்றூரை அழித்ததுதான். சுமார் 1,300 பேர் செத்தார்கள். 1925இல் மூன்று அமெரிக்க மாநிலங்களைக் கிழித்துச் சென்ற டொர்னாடோவில் இறந்தவர்கள் 695. அமெரிக்காவின் சிறுநகரச் சூறாவளிகளைப் பற்றி நமக்குச் சினிமா மூலம் நன்றாகத் தெரியும். சாத்துரியாவைக் கேள்விப்பட்டவர் நம்மில் எத்தனை பேர்? செத்தவர் எண்ணிக்கைக்கும் நினைவில் கிடைக்கிற இடத்துக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டாம். ‘சூறை’ என்ற நம் சொல்லுக்குக் காற்று என்றும் கொள்ளை என்றும் இரண்டு பொருள் உண்டு, சூறையாடுதல் என்கிறோமே. தனுஷ்கோடி விஷயத்தில் இரண்டும் நடந்தது என்பது என் கட்சி. காற்று கொண்டுபோனது ஒரு இரவில். மற்றது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

தனுஷ்கோடி பற்றிய எல்லா எழுத்திலும் ஒரு ரயில் வரும். பாம்பன் - தனுஷ்கோடி பாசஞ்சர், எண் 653. டிசம்பர் 22 இரவு 11.55க்குப் பாம்பனிலிருந்து புறப்பட்டது, ஆறு பெட்டி. பயணிகள் 110, ஊழியர் 5, ஆக 115 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. இந்த ரயில் பாம்பன் பாலத்திலிருந்து கடலில் விழுந்தது என்று எங்கள் ஊரில் பலரும் சொல்வார்கள், அச்சிலும் பார்த்திருக்கிறேன். அது தப்பு. பாம்பன் ஸ்டேஷன் பாலத்தைத் தாண்டி, தீவுக்குள் இருக்கிறது. ரயில் தீவின் மேற்கிலிருந்து கிழக்கே, தனுஷ்கோடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, ஊருக்கு வெளியே சிக்னல் பக்கத்தில் அலை அடித்துக்கொண்டுபோனது. கடல்மேல் நிற்கிற பாலத்தில் ரயில் விழுவது பார்க்கப் பெரிய காட்சி. மணல்மேல் போகிற ரயிலைக் கடல் வந்து எடுத்துப்போவது நம்பச் சிரமமான காட்சி. நினைவு முதலாவதைத் தேர்ந்துகொண்டது.

இன்னொரு விவரம் இதைவிடச் சுவாரசியமானது. சிக்னல் விழவில்லை, இருட்டு, டிரைவர் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்தார், பிறகு நீளமாக விசில் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார் – இது எல்லோரும் சொல்கிற கதை. நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருநாள்தான் உறைத்தது: ரயிலில் இருந்த எல்லோரும் செத்துப்போனார்கள், தந்திக்கம்பி விழுந்துவிட்டது, ஊரும் போய்விட்டது என்றால், டிரைவர் தயங்கியதையும் விசில் கொடுத்ததையும் பார்த்துச் சொன்னது யார்? அந்த இரவில் 280 கிலோமீட்டர் காற்றில் ஒரு விசில் யார் காதில் விழும்? ரயில்வே தலைமையிடமே 48 மணி நேரம் கழித்து, மண்டபத்திலிருந்த கடல்துறை அதிகாரி கொடுத்த தகவலை வைத்துத்தான் செய்தி வெளியிட்டது. அந்த விசில் ஒரு எடுத்துரைப்பு உத்தி. இயற்கையின் முன்னால் தனியாக நின்று முடிவெடுக்கிற மனிதன் ஒருவன் கதைக்குத் தேவைப்பட்டான், டிரைவரை அந்த இடத்தில் நிறுத்திவிட்டார்கள். அப்படி நிறுத்தியதில் ஒரு வசதி இருக்கிறது. புயல் வருவது தெரிந்த இரவில் அந்த வண்டியைப் பாம்பனிலிருந்து ஏன் புறப்பட விட்டார்கள் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது.

115 என்ற எண்ணுக்கு வருகிறேன். டிக்கெட் வாங்கியவர்களும் சம்பளப் பட்டியலில் இருந்தவர்களும் சேர்ந்த எண் அது. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் 200 வரை போகும் என்று எழுதியவர்கள் உண்டு. தனுஷ்கோடி பாசஞ்சரில் மீன்கூடையோடு ஏறுகிற பெண் டிக்கெட் வாங்குவாளா என்று யோசித்துப் பாருங்கள். ரயிலுக்கு வெளியே, ஊருக்குள், கடல்மேல், தீவு முழுக்கச் செத்தவர்களை எல்லாம் சேர்த்து 1,800 என்று வழக்கமாகச் சொல்கிறார்கள். ‘சுமார்’, ‘குறைந்தது’, ‘ஏறத்தாழ’ என்ற சொற்கள் அந்த எண்ணை விட்டுப் பிரிவதேயில்லை. 115 மட்டும் ‘சுமார்’ இல்லாமல் நிற்கிறது. காகிதத்தில் ஏறியவன் துல்லியமாகச் சாகிறான், ஏறாதவன் ஏறத்தாழச் சாகிறான். பெரிய தாத்தா இரண்டாவது வகை.

அவர் எப்படி அந்த மணலுக்கு வந்தார் என்பதில்தான் வரலாறு இருக்கிறது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதோடு சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில் என்று ஒரே பாதையாயிற்று. அதுதான் போட் மெயில். ஒரே டிக்கெட்டில் எழும்பூரில் ஏறிக் கொழும்பில் இறங்கலாம். இர்வின், கோஷன் என்று கப்பல்களுக்குப் பெயர். ஒன்று வைஸ்ராய், மற்றது சென்னை கவர்னர். தனுஷ்கோடியில் ரயில்வே ஸ்டேஷன், சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், துறைமுக அலுவலகம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மாதா கோவில் எல்லாம் வந்தன. நம் ‘பாழ்நகர’ எழுத்தாளர்கள் இதை ராமாயணத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். வில்லின் நுனி என்ற பெயர் பழையதுதான், சேது முழுக்கும் பழையதுதான். ஆனால் 1964இல் அழிந்த அந்த ஊர் தேயிலையும் ரயிலும் சேர்ந்து உண்டாக்கிய ஊர். அதற்கு வயது ஐம்பது.

அந்தப் பாதையில் போனவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரத் துரைகளோ கோடம்பாக்கத்து நட்சத்திரங்களோ அல்ல. (ஜெமினி கணேசனும் சாவித்திரியும் புயலன்று ராமேஸ்வரத்தில் சிக்கிக்கொண்ட கதை மட்டும் எல்லோருக்கும் தெரியும்!) போனவர்கள் தோட்டத்து ஆட்கள். தென்காசியில் ஏறி, விருதுநகர், மதுரை, மானாமதுரை என்று மாறி மாறி மண்டபம் போய்ச் சேருவார்கள். மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமில் அடைத்துவைத்து, அம்மை குத்தி, நோய் இல்லை என்று ஆன பிறகுதான் கடலைத் தாண்ட விடுவார்கள். ரயிலும் பாலமும் வருவதற்கு முன்னால் போனவர்கள் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்தே போனார்கள், வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். கொழும்புக் கடைகளில் வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர்கள் இவர்களைவிட ஒருபடி மேலே தங்களை வைத்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரிய தாத்தா தோட்டத்து ஆட்களோடு ஒரே பெட்டியில் உட்கார மாட்டாராம். ஆச்சி இதைப் பெருமையாகத்தான் சொன்னாள்.

1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. கடைச் சிப்பந்திகளுக்குத் தற்காலிக வசிப்பிட அனுமதி, டி.ஆர்.பி. என்று சொல்வார்கள். அதுவும் நீட்டிக்கப்படாமல் ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பிறகு 1964 அக்டோபர் 30 அன்று சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று விட்டார்கள். பத்து வருஷம் கழித்து 1974இல் அந்த மிச்சத்தையும் சரிபாதியாக வெட்டிக்கொண்டார்கள். சம்பந்தப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்தேகால் லட்சம் பேர் ஒரு கதவு வழியாக வரவேண்டும் என்று டில்லியில் கையெழுத்துப் போட்டு ஐம்பத்து மூன்றாம் நாள் அந்தக் கதவையே புயல் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. புயலுக்கு அரசியல் கிடையாது, எனக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு எதைக் கட்டினார்கள், எதை விட்டார்கள் என்பது அரசியல். தனுஷ்கோடி வசிக்கத் தகுதியற்ற இடம் என்று சென்னை அரசு அறிவித்தது. பக்தவத்சலம் முதலமைச்சர். பாம்பன் பாலத்தில் 126 உத்திரங்கள் கடலுக்குள் விழுந்திருந்தன. கப்பல் போவதற்காகத் திறக்கிற நடுப்பகுதி மட்டும் நின்றது. ரயில்வே ஆறு மாதம் கெடு வைத்தது, பிறகு மூன்று மாதமாகக் குறைத்தார்கள், ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் முடித்தார். அபாரமான வேலை, சந்தேகமில்லை. கடலில் கிடந்த உத்திரங்களையே தேடி எடுத்து மறுபடி ஏற்றினார்கள். கடலுக்குள்ளிருந்து இரும்பை எடுத்ததற்குக் கணக்கு இருக்கிறது: எத்தனை உத்திரம், எத்தனை நாள். ஆட்களுக்கு ‘சுமார்’தான். பாதை ராமேஸ்வரத்தோடு நின்றது. தாயகம் திரும்பியோர் பின்னால் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள், மண்டபம் முகாமில் தங்கினார்கள், கூடலூர், கோத்தகிரித் தேயிலைக்குப் போனார்கள். எண்பதுகளின் நடுவில் சண்டை முற்றியபோது கப்பலும் நின்றது.

தமிழ்நாட்டு அரசியல் நினைவில் இந்தப் புயலுக்கு ஏன் இடமில்லாமல் போயிற்று? 1970இல் கிழக்குப் பாகிஸ்தானில் போலா புயல் மூன்று லட்சம் பேரைக் கொன்றபோது, அரசின் அலட்சியம் அடுத்த மாதமே தேர்தலில் எதிரொலித்து ஒரு நாடு பிறப்பதற்கே காரணங்களில் ஒன்றாயிற்று. இங்கே அப்படி எதுவுமில்லை. என் ஊகம் இது: தனுஷ்கோடி அழிந்து முப்பத்து நாலாம் நாள், 1965 ஜனவரி 25, மதுரையில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. அந்தக் குளிர்காலத்தின் சாவுகள் எல்லாம் மொழிக்கான சாவுகளாக நினைவில் தங்கின, தங்கவேண்டியவைதான். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்னால் செத்தவர்களுக்குக் கொடியும் இல்லை, கோஷமும் இல்லை. மீனவர்கள், கூலிகள், யாத்ரீகர்கள், எந்த நாட்டுக்காரர் என்று முடிவாகாதவர்கள். கபாடபுரத்தைக் கடல் கொண்டதென்றால் ஆயிரம் பக்கம் எழுதுகிற தமிழ் மனம் கண்முன்னால் கடல்கொண்ட ஊருக்குச் சில பக்கம்தான் ஒதுக்கியது. இழந்தது பாண்டியன் தலைநகரமாக இருந்தால் அது இனத்தின் இழப்பு. இழந்தது ரயிலடி என்றால் அது விபத்து.

பக்தர்கள் தரப்பில் ஒரு கதை உண்டு: கடல் ராமேஸ்வரம் கோவில் வரை வந்து அங்கே நின்றுவிட்டது, உள்ளே ஒதுங்கியவர்கள் பிழைத்தார்கள் என்று. ஒதுங்கினார்கள், பிழைத்தார்கள், அதில் பொய்யில்லை. தீவு அங்கே அகலமாகிறது, தனுஷ்கோடி போல ஒற்றை மணல்திட்டு அல்ல. தனுஷ்கோடியிலும் கோவில் இருந்தது, மாதா கோவிலும் இருந்தது.

நான் முதலில் போனபோது ரோடு கிடையாது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மீன் ஏற்றுகிற வண்டியில் மணலில் குலுங்கிக்கொண்டு போனோம். ‘யாருமற்ற ஊர்’ என்று படித்துவிட்டுப் போனவனுக்கு முதலில் தெரிந்தது அடுப்புப் புகை. ஓலைக் குடிசைகள், வலை பின்னுகிறவர்கள், பிள்ளைகள். வசிக்கத் தகுதியற்றது என்று அரசு சொன்ன இடத்திலேயே மீனவர்கள் திரும்பி வந்து, மின்சாரம் இல்லாமல் வசித்துக்கொண்டிருந்தார்கள். மணலைக் கையால் தோண்டினால் ஊறுகிற நல்ல தண்ணீரை ஒரு பெண் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு கடலுக்கு நடுவில் நல்ல தண்ணீர்! ஒரு பெரியவரிடம் கேட்டேன், பயமாயில்லையா என்று. “எங்களுக்குக் கடல் இங்கனதான் இருக்கு. நாங்க எங்க போறது?” என்றார். பெரிய தாத்தாவைப் பற்றிக் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டு போனவன், கேட்காமல் வந்துவிட்டேன். அவர்கள் வீட்டுச் சாவுகளையே யாரும் கேட்காத இடத்தில் என் வீட்டுச் சாவைப் பற்றி விசாரிக்க வாய் வரவில்லை.

2017இல் அரிச்சல்முனை வரை தார்ரோடு வந்தது. இப்போது பஸ் போகிறது, சிப்பி மாலை விற்கிறார்கள், மாதா கோவில் இடிபாட்டின் முன்னால் கல்யாணத்துக்கு முந்திய போட்டோ எடுக்கிறார்கள். ‘பேய் நகரம்’ என்று பலகையிலும் படத்திலும் போடுகிறார்கள். ஒரு இடத்தில் பேய் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அங்கே ஆள் இருப்பது கண்ணில் படாது; அவர்களை எழுப்பிவிட்டு வேறு எதையாவது கட்டுவதும் சுலபம். 2019 மார்ச்சில் ராமேஸ்வரம் - தனுஷ்கோடி ரயில்பாதைக்கு மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. வடக்கே போகிறவர்களுக்கு அது பொறியியல் அதிசயம், முனைக்குப் போகிறவர்களுக்கு சுற்றுலா. கரையிலிருப்பவர்களுக்குப் பட்டா என்னும் சொல்தான் முக்கியம். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

1964 குரோதி வருஷம். அறுபது வருஷம் சுற்றி 2024இல் அதே குரோதி வந்தது. ஆச்சி போய் வெகுகாலமாயிற்று. அம்மாதான் ஞாபகம் வைத்திருந்து, மார்கழியில் அந்த நாலாம் நாளுக்கு என்னைக் கூப்பிட்டாள். சிற்றாற்றில் முழங்கால் தண்ணீர். சடங்கு செய்ய வந்தவர் பெயர், கோத்திரம் எல்லாம் கேட்டுவிட்டு, எப்படிப் போனார், துர்மரணமா என்று கேட்டார். அம்மா கொஞ்சம் யோசித்தாள். “காத்துல போனாருன்னு வச்சுக்கிடுங்க” என்றாள். அவரும் எள்ளைத் தண்ணீரில் விடச் சொன்னார்.

வருகிற வழியில் அம்மா ஒன்று சொன்னாள், இவ்வளவு வருஷம் சொல்லாதது. 1967 வாக்கில் கொழும்பிலிருந்து திரும்பிய ஒருவர், பெரிய தாத்தாவைப் புயலுக்குப் பிறகும் புறக்கோட்டையில் பார்த்ததாக ஆச்சியிடம் சொன்னாராம். கப்பலேறாமலே இருந்துவிட்டார், அங்கே வேறு குடும்பம் இருந்தது என்று. ஆச்சி அவரைத் திண்ணையை விட்டு எழுப்பி அனுப்பிவிட்டாளாம். “அப்புறம் ஏம்மா வருசாவருசம் திதி?” என்றேன். “ஆத்தா கேக்கச் சொன்னா கேட்டோம். நீ பேசாம வா, வெயில் ஏறுது” என்றாள்.